நிழல்னு சொன்னியேக்கா

மார்ச் 4
புகைப்படச் சங்கத்தின் மாதப் போட்டியில் இந்த முறையும் எனக்கு ஒன்றுமில்லை. முதல் பரிசு ஒரு பூனைக்குட்டிக்கு! கூடைக்குள் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டுகிறது. இதுக்கா நாலு வருஷமா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைச்சேன்? நடுவர் ஆறுதல் வேறு சொன்னார்: "டெக்னிக் எல்லாம் சரிம்மா. படத்துலதான் உயிரே இல்ல."

மார்ச் 11
தங்கைக்கு முகவாதம். காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓர் ஓரமாக வழிந்திருக்கிறது. வலது கண் மூட மறுக்கிறது. சில மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். அம்மா குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள்.

இந்த வீட்டில் அவள் அழகி, நான் பெரியவள். வருகிறவர்கள் அவளைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, அப்புறம் என் பக்கம் திரும்பி "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்பார்கள். இப்போது பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபோது அந்தத் தொங்கிய கன்னத்தில் வெளிச்சம் விழுந்த விதம்... சே, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 19
ஒரு படம் எடுத்துக்கட்டுமா என்று அவளிடம் கேட்டேவிட்டேன். "வேணாம்க்கா" என்றாள். ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெறும் நிழல்தான் விழும், முகமே தெரியாது என்றேன். எடுத்து, கேமராத் திரையில் காட்டினேன். கன்னங்கரேலென்று ஓர் உருவம்.

"நல்லாத்தான் இருக்கு. யாருன்னே தெரியல." ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு இடது பக்கத்தோடு நின்றுவிட்டது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 20
கணினியில் இருட்டைக் குறைத்தேன். அந்தக் கறுப்புக்குள் முகம் முழுக்கப் பதிவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கோணிய உதடு, மூடாத கண், வாயோரத்து எச்சிலின் மினுக்கம்கூட வந்தது.

ஏப்ரல் 2
முதல் பரிசு!

நடுவர் எழுந்து நின்று கைதட்டினார். "இதுதாம்மா உயிர்! விட்டுடாதீங்க, மாசம் ஒண்ணுன்னு தொடரா எடுங்க." சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அதையெல்லாம் அவள் எங்கே பார்க்கப் போகிறாள்.

ஏப்ரல் 5
பார்த்துவிட்டாள். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். இத்தனை நாளும் மாஸ்க் போட்டுச் சமாளித்திருக்கிறாள். நோயாளி ஒருவன் போனை நீட்டி, "இது நீங்கதானே?" என்றானாம்.

"நிழல்னு சொன்னியேக்கா."

அவ்வளவுதான் கேட்டாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். கலை அது இது என்று ஏதோ உளறினேன். நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? படம்தானே? ஊரே பாராட்டுது, அது மட்டும் அவ கண்ணுல படாதா?

மே 14
கன்னம் லேசாக அசைகிறதாம். அம்மா ஓடி வந்து சொன்னாள். என் வாயில் முதலில் வந்தது, "அதுக்குள்ளயா?"

தொடருக்கு இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை, அந்த நினைப்பு. நிமிர்ந்தால், அம்மாவுக்குப் பின்னால் அவள் நிற்கிறாள்.

மே 16
தோழியின் அறைக்குக் குடிபோய்விட்டாள்.

ஆகஸ்ட் 27
அம்மா போனில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தங்கை. உச்சி வெயில், நெற்றி படத்துக்குள் முழுசாக வரவில்லை, பின்னால் குப்பைத்தொட்டி. கை நடுங்க யாரோ எடுத்திருக்கிறார்கள். வாய் நிறையச் சிரிக்கிறாள், இரண்டு பக்கமும்.

எனக்கும் அனுப்பச் சொன்னேன்.

"உனக்கு அனுப்ப மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் அனுப்பினா" என்று அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள்.