பின்பக்கத் துளை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? உன் சின்னவள் என் எலிகளைப் பற்றிக் கேட்டாளாம். அவளாவது கேட்கிறாளே!

ஆய்வுக்கூடத்தில் இப்போது புது வேலை. சுண்டெலியையும் வயல் எலியையும் ஒரே கூண்டில் விட்டு, எது எதை எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். வயல் எலி இரண்டு மடங்கு பெரியது. சின்னது ஒளிந்துகொள்ள ஒரு மண்கலயம் வைப்போம், அதற்கு எப்போதும் இரண்டு துளை இருக்கும். பெரியது பின்துளையில் மூக்கை நுழைப்பதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அதை அடைத்துவிட்டேன். இனி ஒரு பக்கம் மட்டும் பயந்தால் போதுமே என்று நினைத்தேன்.

பெரியது வந்து முன்துளையின் வாயில் படுத்துக்கொண்டது. கடிக்கவில்லை, சீறவில்லை, சும்மா படுத்திருந்தது. ஒரு சாண் தள்ளித் தானியம் இருக்க, சுண்டெலி உள்ளேயே சுருண்டு கிடந்தது. நானும் சண்டையே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். பேராசிரியை வந்து பார்த்துவிட்டு, கடிச்சாத்தான் சண்டையா, முதல்ல அந்த அடைப்பை எடுங்க என்று சத்தம் போட்டார்.

மச்சான் குடும்பத்தோடு இங்கே மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டது உனக்குத் தெரியும். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகாதே என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். மச்சான் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கூடத்தில் நாற்காலியைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். வம்பெதற்கு என்று முன்னறையை நானே விட்டுக்கொடுத்துப் பின்னறைக்குப் போனேன். அதற்குக் கூடத்தைத் தாண்டித்தான் வழி. நாங்கள் தாண்டும்போது நீட்டிய காலை மடக்குவார், கூடவே ஒரு பெருமூச்சு விடுவார். அடுப்படிக்குப் போனால் அவர் மனைவியின் பெருமூச்சு.

நான் எலிகளிடம் ஓடிவிடுகிறேன். இவள் எங்கே போவாள்? பிறந்து வளர்ந்த வீடு, வயிற்றில் ஏழு மாதம். தண்ணீர்க் குடத்தை அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். சாப்பிட்டாயா என்றால் பசிக்கல என்கிறாள். பிள்ளைக்கு வளர்ச்சி போதவில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

தனிக்குடித்தனம் என்று பேச்செடுத்தேன். இங்க உங்கள யாரு என்ன சொன்னா என்று மாமனார் கேட்டார். உண்மைதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

நீ மாமனாருக்கு ஒரு கடிதம் எழுது. இருவரையும் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்று கேள். உன் பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டார். அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டுவதை நேரில் வைத்துக்கொள், வாங்கிக்கொள்கிறேன்.

சொல்ல மறந்தேனே. அடைப்பை எடுத்த பிறகு அந்தச் சுண்டெலி பின்துளை வழியாக ஓடவே இல்லை. பெரியது பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கமாக வந்து தானியம் தின்றது.

நீ எழுதினாலும் நாங்கள் வருவோமோ, மாட்டோமோ. வரலாம் என்று தெரிந்தால் போதும் அக்கா, இவள் சாப்பிடுவாள்.

நீயும் உன் பிள்ளைகளும் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் அன்புத் தம்பி