சப்பாத்துப் பெட்டியான உண்டியல்

இன்று காலை ஹீட்டரைப் போட்டதும் வாசல் நடையில் அந்த மர வாசனை எழும்பியது. குளிர் தொடங்கினால் சப்பாத்து வைக்கும் இந்தப் பெட்டி இப்படித்தான், சும்மா இருக்காது. வேலைக்குப் போகக் காலில் போட எடுத்த சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உம்மோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது.

இதை வாங்கி வந்த கிழமை நீர் இங்கே நோர்பரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. ஜப்பான் கோயிலொன்றில் இருந்த காணிக்கைப் பெட்டி என்று பழைய சாமான் கடைக்காரர் சொல்லியிருந்தார். மேலே வரிசையாக மரச் சட்டங்கள்; அந்த இடுக்குகளால் காசைப் போட்டுவிட்டுக் கும்பிடுவார்களாம். பின்னால் சின்னக் கதவு. நீர் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்டீர்.

"இதென்ன, உண்டியலே?"

"ஓம். தச்சு வேலைக்காரர் வருவார். சட்டத்தைக் கழட்டிப்போட்டு சப்பாத்து வைக்கப்போறன்."

"ஐயோ, உமக்கென்ன விசரே! சாமின்ர பெட்டியில சப்பாத்தோ?"

நீர் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. கோயிலில் இருந்தால்தான் உண்டியல், என் வீட்டில் இருந்தால் தளபாடம் என்று வெடுக்கென்று சொன்னேன். பத்து வருடம் ஒரே ஷிப்டில் நின்ற உமக்கு என் வாய் பழக்கம்தானே.

அடுத்த கிழமை நீர் மீண்டும் வந்தபோது சிரிக்கவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வர, நீர் பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றீர். மார்பில் கட்டி, ஊசி குத்திச் சோதித்திருக்கிறார்கள், முடிவு வர இன்னும் நாளெடுக்கும் என்று அப்போதுதான் சொன்னீர். மஞ்சள் துணியில் காசு முடிந்து நேர்த்தி வைத்து, அதைப் பெட்டிக்குள் போட்டிருந்தீர்.

"உம்மட சாமியறையில வைக்கிறதுக்கென்ன?"

"இவர் கண்டா விளங்கிப்போடும். பதினெட்டு வருசத்துக்குப் பிறகு தாயைப் பாக்க ஊருக்குப் போறார். தெரிஞ்சா டிக்கெட்டைக் கான்சல் பண்ணிப்போடுவார். போயிட்டு வரட்டும். அதுவரைக்கும் இது இஞ்ச கிடக்கட்டும், என்ன?"

"நீர் பயப்பிடாதேயும்," என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

சனிக்கிழமை என் வீட்டில் விருந்து. அன்று காலைதான் தச்சு வேலைக்காரருக்கு நேரம் கிடைத்தது. வருகிறவர்கள் வாசலிலேயே பெட்டியைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று எனக்கு ஒரே அந்தரம், ஒரே அவசரம். அவர் பெட்டியின் பின்கதவைத் திறந்து உம்முடைய முடிச்சை எடுத்து என் கையில் தந்தார். அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. மச்ச மாமிசம் சமைக்கிற வீட்டில் நேர்த்திக் காசை எங்கே வைப்பது? ஒரு நாளைக்குக் காரில் வைத்திருக்கலாம். தச்சு வேலையை இன்னொரு நாளைக்குத் தள்ளியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? முடிச்சை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் உம்முடைய வீட்டுக்கு ஓடினேன். நீர் ஷிப்டில். கதவைத் திறந்தது உம்முடைய கணவர். அவவிடம் கொடுத்துவிடுங்கோ என்று நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார். மஞ்சள் முடிச்சைக் கண்ட தமிழனுக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

"ஆருக்குச் சுகமில்லை, தங்கச்சி?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, இறைச்சி அடிப்பிடித்துவிடும் என்று திரும்பி ஓடி வந்தேன்.

அவர் ஊருக்குப் போகவில்லை. உம்முடைய முடிவு கெட்டதாகவே வந்தது. சத்திரசிகிச்சை முடிந்து நீர் எழும்பி நடக்கத் தொடங்கிய மாதம் அவருடைய அம்மா ஊரில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த என்னை நீர் குசினி அடுப்படிக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னீர்: "நீர் வேணுமெண்டு செய்யேல்லை, எனக்குத் தெரியும். ஆனா உமக்கு உம்மட பெட்டி வடிவா இருக்கவேணும்." நான் தச்சு வேலைக்காரர், விருந்து, இறைச்சி என்று ஏதேதோ அடுக்கினேன். மன்னித்துக்கொள்ளும் என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. அதற்குப் பிறகும் நீர் பழையபடிதான் என்னோடு கதைத்தீர். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஒன்றரை வருடத்தில் நீரும் போய்விட்டீர்.

போன ஞாயிற்றுக்கிழமை உம்முடைய கணவர் வந்திருந்தார், உம்முடைய ஆண்டுத் திவசத்துக்குச் சொல்ல. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மாவைத்தான் பாக்கேலாமல் போச்சு," என்றார். "ஆனா ஒண்டு சொல்லவேணும், தங்கச்சி. அண்டைக்கு நீங்கள் அதைக் கொண்டுவந்து தராட்டில் நான் விமானம் ஏறியிருப்பன். அவ தனிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா. எங்களை யோசிச்சுத்தானே கொண்டுவந்தனீங்கள்?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஓம் அண்ணை," என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் நான் இனி இதைச் சொல்லப்போவதில்லை. அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலைப் பிடுங்க எனக்கு மனமில்லை. அவருடைய நன்றியை நான் வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அது எனக்குரியதல்ல என்று தெரிந்த ஒரே ஆள் நீர்தான்.