மேனேஜர் இன்று லீவு

அன்புள்ள சுண்டெலிக்கு,

மாமா எழுதுவது. நான் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கிற வேலை இந்தத் தடவை மிச்சம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழாம் நம்பர் மேசையில் உன்னைக் கண்ணாரப் பார்த்தாகிவிட்டது. கொஞ்சம் இளைத்திருக்கிறாய். பச்சை நிறம் உனக்கு எடுப்பாக இருந்தது. கல்யாணம் ஆகப்போகிற பெண்ணை இன்னும் சுண்டெலி என்கிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. பிறந்த அன்றைக்கு என் உள்ளங்கையில் அடங்கினாய், அதனால் வைத்த பெயர். (உள்ளங்கை என்பது கொஞ்சம் அதிகம்தான். இரண்டு கையும் வேண்டியிருந்தது.)

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பெருமை அடிக்க ஆரம்பித்தால் மறந்துவிடுவேன். உன் வருங்கால மாமனார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன புகார்ச் சீட்டு ஓட்டல் ஆபீசில் இருக்கிறது. விருந்தாளி கேட்காமல் அவர் தட்டை மாற்றுவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். அந்த மேசையில் இருந்த யாராவது ஒருவர், "எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அவர் செய்தது சரிதான்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். மாதக் கடைசிக்குள் வர வேண்டும். வராவிட்டால் எனக்கு இனி ஹாலில் வேலை கிடையாது. இப்போதைக்குக் கீழ்த்தளத்தில், தட்டு கழுவும் அறையில் போட்டிருக்கிறார்கள். ஒரு சிக்கல். நீ எழுதினால் அதன் நகல் உன் மாமனாருக்கும் போகும், அது ஓட்டல் வழக்கம். உன் உடம்பு விஷயம் ஒரு சர்வருக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். அதனால்தான் உன் அம்மாவுக்கு எழுதாமல் உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

கீழ்த்தளம் என்றதும் கவலைப்படாதே. அங்கே இருக்கிற கழுவும் இயந்திரம் ஒரு லாரி அளவு இருக்கும். போன இரண்டாம் நாளே அதன் சத்தத்தை வைத்து எந்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லிவிட்டேன், எஞ்சினியரே ஆடிப்போனார். கூட வேலை செய்கிற மூன்று பேரும் என்னை "ஐயா" என்கிறார்கள். மூன்றாமவர் இன்னும் சொல்லவில்லை, சொல்லிவிடுவார். ஜன்னல் கிடையாது. நீராவியில் மூக்குக்கண்ணாடி சதா மங்கிப்போகிறது. மேலே ஹாலில் வாரம் தவறாமல் வருகிறவர்கள், "என்ன, கால் வலி தேவலையா?" என்று கேட்பார்கள். கீழே தட்டுகள்தான் வருகின்றன.

அந்த ஹாலில் எனக்கு இருபத்தாறு வருஷம். எட்டாவதோடு நின்றவன் என்று உன் அப்பா குத்திக்காட்டுவாரே, அந்த எட்டாவதை வைத்துக்கொண்டு ஐந்து பாஷையில் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேட்பேன். ஒரு தூதர் நான் ஊற்றினால்தான் காபி குடிப்பார். சரி, தூதர் இல்லை, தூதரகத்தில் வேலை பார்ப்பவர். கார் ஓட்டுகிறவராகக்கூட இருக்கலாம், நான் கேட்டதில்லை. ஆனால் வேறு யார் ஊற்றினாலும் தொட மாட்டார், அது சத்தியம். இந்த வேலைதான் உன் அம்மா வீட்டுக் கூரையை மாற்றியது. உன்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. நான் யாரிடமும் கை நீட்டியதில்லை, யாரும் என்னை வாடா போடா என்றதில்லை. நல்ல பிழைப்பு பாப்பா. அதை நம் சொந்தக்காரர்கள் நடுவில் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அதுதான் கோளாறு.

மேனேஜர் என்று ஏன் சொல்லிக்கொண்டேன் தெரியுமா? பதினைந்து வருஷம் இருக்கும், உன் பெரியப்பா வீட்டு விருந்துக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். கோட் மாட்டி, சென்ட் அடித்து, முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பெரியப்பா வந்து தோளில் கை போட்டார். "மாப்ள, உனக்குத்தான் பழக்கமாச்சே, எந்திரிச்சு அப்படியே இந்த வரிசைக்கு ஒரு சுத்து வச்சுட்டு வந்துடேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுந்து பரிமாறினேன். "சும்மா சொல்லக்கூடாது, தொழில்காரன் தொழில்காரன்தான்" என்று பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் என் நாற்காலியில் வேறு யாரோ. அதற்குப் பிறகு உன் அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் எனக்கு மேனேஜர் பதவி வந்தது. அடுத்த கடிதத்தில் தனி அறை. அதற்கடுத்ததில் அறைக்கு ஏசி.

நீ அதையெல்லாம் நம்பினாய். சம்பந்தம் பேச வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னாய். நான் கோட் போட்டு நிற்கிற படத்தையும் காட்டியிருக்கிறாய். அந்தக் கோட் ஓட்டல் கொடுத்தது, சட்டைப்பையில் இருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றிவிட்டுப் படம் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ அவர்களை எங்கள் ஓட்டலுக்கே அழைத்து வந்ததும் என்னை அசத்தத்தான், அது எனக்குப் புரிகிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சிரித்த முகமாக வந்தாய். நான் தண்ணீர் ஜாடியோடு நின்றிருந்தேன். உன் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாய்.

உன் மாமனார் என்னைத்தான் கூப்பிட்டார். "ஏம்பா, இங்க மேனேஜர் ஒருத்தர் இருக்காராமே, நம்ம பொண்ணுக்குத் தாய்மாமன். சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்கோம்னு போய்ச் சொல்லு" என்றார். நான், "மேனேஜர் சார் இன்னைக்கு லீவுங்க சார்" என்றேன். பதினைந்து வருஷப் பழக்கம், நாக்கு குழறவே இல்லை. உன் மாமியார், "ஞாயித்துக்கிழமை, குடும்பத்தோட இருப்பாரு பாவம்" என்றார். அரை மணி நேரம் அவர்கள் பக்கத்திலேயே நின்றேன். அதே கோட், அதே முகம். படத்தில் பார்த்த ஆள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? மாப்பிள்ளைப் பையன் ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்து "தேங்க்ஸ்ங்க" என்றார்.

அப்புறம் மாமனார், "எல்லாருக்கும் இறால்" என்றார். நீ வாயைத் திறக்கவில்லை. எனக்குச் சமையலறை வாசலில் கால் நின்றுவிட்டது. நாலு வயதில் ஒரே ஒரு இறால் தின்று உனக்கு உதடு தடித்து, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மைல் ஓடினேன். உன் அம்மா இரண்டு தெரு என்பாள். தூக்கிக்கொண்டு ஓடியவனுக்குத்தான் தூரம் தெரியும்.

மூன்று தட்டு இறாலும் உனக்கு மட்டும் கோழியுமாகக் கொண்டு வந்தேன். மாமனார் முகம் மாறியது. "நான் சொன்னது என்ன, நீ கொண்டாந்தது என்ன? ஆர்டரை மாத்த நீ யாருய்யா?" என்றார். நான் யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாய். "நீ கேட்டியாம்மா?" என்று மாமியார் கேட்டதற்கு, "இல்லங்க அத்தை" என்றாய். பொய்யில்லை, நீ கேட்கவில்லைதான். "தப்பு என்னுதுதான் சார்" என்று கோழியை எடுத்துக்கொண்டு போய் இறாலை வைத்தேன். நீ தொட மாட்டாய் என்ற தைரியத்தில் வைத்தேன். "அவ மாமா வரட்டும், இந்த ஆளுக்கு இருக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் உன் மாமனார் சீட்டு எழுதினார். என்னைப் பற்றி என்னிடமே சொல்லப் போகிறாராம்.

நிஜ மேனேஜர் நல்ல மனிதர். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ரூல் புக். "அண்ணே, காரணம் இல்லாம நீங்க செய்ய மாட்டீங்க. என்னன்னு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு தடவை கேட்டார். நான் என்ன சொல்ல? கை தவறிவிட்டது என்றேன். இருபத்தாறு வருஷத்தில் என் கை தவறியதில்லை என்பது அவருக்கும் தெரியும். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இனி சொல்லப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். நீங்கள் போனதும் மேசையைச் சுத்தம் செய்தவன் நான். உன் கை துடைக்கும் துணிக்குள் இறாலைச் சுருட்டி வைத்திருந்தாய். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். உள்ளே நான்கு இருந்தன. நான் வைத்தது ஐந்து. நாற்காலிக்கு அடியில் மண்டி போட்டுத் தேடினேன். இல்லை.

மூச்சு முட்டினாலும் முட்டட்டும், இந்த ஆள் என் மாமா என்று தெரிந்துவிடக் கூடாது என்று ஒன்றைத் தின்றிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்குக் கீழே போய் மூன்று தட்டை உடைத்தேன். முப்பது என்று எழுதத்தான் கை போகிறது, மூன்றுதான். பிறகு ஆறிவிட்டது. சர்வர் என்றால் மறைக்க வேண்டிய விஷயம் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு நான்தான்.

ஓட்டலுக்கு அந்த இரண்டு வரியை நீ எழுதினால் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் மகான் இல்லை. எழுதாவிட்டால் கல்யாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. உன் மாமனார் பந்தியில் என்னை அடையாளம் கண்டுகொண்டால் அசிங்கம் உனக்குத்தான். அதை உன் இஷ்டத்துக்கு விடுகிறேன்.

ஆனால் மாப்பிள்ளைப் பையனிடம் மட்டும், கல்யாணத்துக்கு முன்னாலேயே, உனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடு. என் பேச்சையே எடுக்க வேண்டாம், டாக்டர் சொன்னார் என்று சொல். அந்த வீட்டில் உன் தட்டை மாற்றி வைக்க நான் இருக்க மாட்டேன்.

மூச்சு முட்டாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா