இடையில் ஓர் ஊர்

மே 4

அன்புள்ள அம்மாவுக்கு,

இரத்த அழுத்தம் மறுபடி ஏறியிருக்கிறது. பிரசவம் வரை படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதாம். இவர் சாப்பாட்டைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால், இருட்டிய பிறகுதான் வருகிறார். சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். டிக்கெட் போடட்டுமா? விமானத்தில் பதினேழு மணி நேரம்தான். ஏறி உட்கார்ந்தால் இங்கே வந்து இறங்கலாம்.

உன் சிட்டு

மே 9

என் சிட்டுக்கு,

ஓடி வரத்தான் ஆசை. ஆனால் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் நேரமடி இது. கடையில் துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண்ணும் வேலையை விட்டு நின்றுவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாமா? இடது பக்கமாகவே படு.

முத்தங்களுடன்,
அம்மா

மே 10

அம்மா,

அண்ணிக்கு வலி எடுத்தபோது வெட்டின துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாயே! அவள் அடுத்த தெரு, நான் தூரம். அதுதானே? நேற்று கண் இருட்டி விழப் பார்த்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு "அம்மா"ன்னுதான் கத்தினேன். வெட்கமாக இருந்தது. இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். போனும் எடுக்க மாட்டேன்.

மே 16

சிட்டு,

திட்டுவதற்கு முன் இந்த மெயிலைப் படித்துவிடு. போன மாதம் என் கெண்டைக்காலில் இரத்தம் உறைந்துவிட்டது. "அவ்வளவு நேரம் உட்கார்ந்தே போனீங்கன்னா, கட்டி நுரையீரலுக்குப் போயிடும்மா"ன்னு டாக்டர் பயமுறுத்தினார். உனக்கு அழுத்தம் ஏறுமே என்று மறைத்தேன். அண்ணன் வாயையும் அடைத்தேன். நீ விழப் பார்த்ததைப் படித்த பிறகு கை ஓடவில்லை. பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து மூன்று விமானங்களில் டிக்கெட் எடுத்துவிட்டேன். நடுவில் இரண்டு ஊர்களில் தங்கல். டாக்டர் அரைமனதாகத் தலையாட்டினார். நாளை கிளம்புகிறேன்.

அம்மா

மே 17

அம்மா, ஏறாதே. உன் காலில் விழுகிறேன், ஏறாதே. போனை எடு.

மே 20

கண்ணே,

இரண்டாவது ஊருக்கு வந்துவிட்டேன். விடுதியின் எண் கீழே இருக்கிறது. விமானத்தில் நடந்துகொண்டே வந்தேன். என்னைக் கண்டாலே பணிப்பெண் வண்டியை ஓரம் கட்டினாள். ஆனாலும் காலையில் கால் தூண் மாதிரி வீங்கிவிட்டது. இங்குள்ள டாக்டர், ஆறு வாரத்துக்கு எந்த விமானத்திலும் ஏறக் கூடாது என்கிறார். இன்னும் ஏழு மணி நேரம்தான் பாக்கி. நாளைக்கு டிக்கெட் இருக்கிறது. "ஏறாதே" என்று நீ எழுதியதை வழியில்தான் பார்த்தேன்; இப்போது கூப்பிட்டால் நீ போனை எடுக்கவில்லை. பேசாமல் ஏறிவிடவா?

அம்மா

மே 23

என் அம்மாவுக்கு,

உன் மெயிலைப் படித்த அன்றைக்கே எனக்கு அழுத்தம் எகிறி, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண். குட்டியூண்டு இருக்கிறாள், அழுகை மட்டும் வார்டையே கூட்டுகிறது. மயக்கம் தெளிந்ததும், "அம்மா ஏறிட்டாங்களா?"ன்னுதான் கேட்டேனாம். இவர் விடுதிக்குப் போன் போட்டு, "அத்தை அறையிலதான் இருக்காங்க"ன்னு சொன்ன பிறகுதான் குழந்தை முகத்தைப் பார்த்தேன்.

அண்ணன் உன்னிடம் கிளம்பிவிட்டான். நீ அங்கேயே இரு. என் தையல் ஆறி, டாக்டர் சரியென்றதும் நாங்கள் வருகிறோம். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. உன் மடியில் போட்ட பிறகுதான்.

உன் சிட்டு