திரையில் இல்லாத இரைச்சல்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. குமாரபாளையத்தில் பல வருடமாக மைக் செட் வைத்திருப்பவர். நான் கட்டிய முதல் ஆம்ப்ளிஃபயரை இன்று அவர் கடையில் போட்டுக் காட்டினேன். பாட்டுக்கு முன்னால் கர்ரென்று இரைச்சல்தான் வந்தது.

"கம்ப்யூட்டர்ல சுத்தமா பாடுச்சுன்னியே அம்மிணி? அந்த சாப்ட்வேரையே கோயில்ல கட்டி உட்டறலாமா?" என்றார். கடைக்கு வந்திருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். சர்க்யூட்டை வரைந்து ஓட்டிப் பார்க்க முதலில் வேறொரு சாப்ட்வேர் வைத்திருந்தேன். கலர் கலராக அழகாக இருக்கும், ஆனால் சத்தத்தைப் படமாகத்தான் காட்டும். அதைத் தள்ளிவிட்டு இப்போதிருக்கும் இந்த அவலட்சணமான சாப்ட்வேரோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியதே, பாட்டை உள்ளே கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் அதை என்ன செய்யும் என்று காதால் கேட்கலாம் என்பதற்காகத்தான்.

தப்பு அதன்மேல் இல்லை. கரண்ட் சுத்தமாக வருகிறது என்று அதற்குச் சொன்னது நான். எங்கள் கரண்ட் லைனில் தெரு முழுக்க விசைத்தறி ஓடுகிறது, கரண்ட் கலங்கித்தான் வரும். சாப்ட்வேரில் பவர் சப்ளைக்கும் அந்த அழுக்கைக் கொஞ்சம் சேர்த்து மறுபடி ஓட்டினேன். ஹெட்போனில் அதே கர்ர்! கரண்டைச் சீராக்கும் கெபாசிட்டரைப் பெரிதாக்கியதும் பாதி அடங்கியது.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வந்து கேளுங்ண்ணா."

"மறுக்கா இரைஞ்சா?"

"மறுக்கா வரைவேனுங்ண்ணா."

மீதிப் பாதி எங்கிருந்து வருகிறதென்று இன்னும் தெரியவில்லை. கண்டுபிடிக்காமல் விடப்போவதுமில்லை.