கொசுப்புழு வாளி

புதன், இரவு

என் சண்டை மீனுக்கு உயிர்த்தீனி வேண்டுமென்று, வீட்டுப் பின்பக்கம் ஒரு வாளித் தண்ணீரில் கொசுப்புழு வளர்த்து வந்தேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். வாளியைப் பார்க்கவே பயம். கொட்டவும் பயம், யாராவது பார்த்துவிட்டால்?

இன்று ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு நானும் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டெங்கு இல்லை, டைபாய்டு. "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"இன்னாடி, எனக்கு டைபாய்டுன்னா உனக்கு அப்பாடாவா?" என்றாள் அக்கா. வாளியைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

வந்ததும் அதைக் காய்ந்த மண்ணில் கவிழ்த்தேன். மீனுக்குக் கடைத்தீனி போட்டேன். வாயில் வாங்கி உடனே துப்பியது. துப்பட்டும். நாலு நாளாக எனக்கும்தான் சோறு இறங்கவில்லை.