பால் வண்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்றாவது நடையில் ஒரு வேன்காரன் குறுக்கே விட்டான். ஜன்னலைத் திறந்து நான் விட்ட டோஸில் அடுத்த சிக்னல் வரை அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் கைதட்டினார். அறுபது பேரோடு பன்னிரண்டு மீட்டர் பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிறவள் நான். சாலையில் எவனுக்கும் பயந்ததில்லை.

சாயங்காலம் வாசல் மணி அடித்ததும் என்ன செய்தேன்? வாண்டை மடியிலிருந்து இறக்கிவிட்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, திருட்டு முழி முழித்தபடி நின்றேன். என் சொந்த வீட்டில். என் சொந்தப் பெண்ணுக்குப் பால் கொடுத்ததற்கு.

வந்தது அண்ணி, இவருடைய அக்கா. இருபது வருஷமாக மருந்துக் கடையில் வேலை. அதனால் எங்கள் குடும்பத்தில் பாதி டாக்டர். பொத்தானைப் பார்த்தார். வாண்டின் வாயைப் பார்த்தார்.

"இன்னுமா? பல்லு முளைச்சு, பள்ளிக்கூடம் போயி, என்னையே எதிர்க்கேள்வி கேக்குற பொண்ணுக்கு இன்னுமா?"

வாண்டுக்கு மூன்று வயது எட்டு மாதம். நான் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டேன்.

மார்ச் 5, வியாழன்

வாண்டு இரண்டு வயதில் ஒருநாள், "பஸ்ஸுக்குப் பசிச்சா என்ன பண்ணும்?" என்று கேட்டாள். டிப்போவுக்குப் போய் வயிறு நிறைய டீசல் குடிக்கும் என்றேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பால் என்ற பேச்சே கிடையாது. "டிப்போ போலாம்" தான். ஒரு பக்கம் முடிந்தால் "அடுத்த பம்ப்பு".

இன்று பேக்கரி வரிசையில் நின்றுகொண்டு "அம்மா, டிப்போ! இப்பவே டிப்போ!" என்று ஒரே ஆர்ப்பாட்டம். நான் யூனிபார்மில் இருந்தேன். பின்னால் நின்ற அம்மாள், "அம்மா வேலை மேல குழந்தைக்கு எவ்வளவு ஆசை பாருங்க" என்று உருகிவிட்டார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விக்கலே வந்துவிட்டது.

நிஜ டிப்போவில் ஒரு நல்ல செய்தி. நடுவில் மடிப்பு வைத்த நீள பஸ் நான்கு வருகிறது. அதை ஓட்டுவதற்கான தேர்வு இருபதாம் தேதி. பட்டியலில் பன்னிரண்டு பெயர், பெண் நான் ஒருத்திதான். மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 7, சனி

அண்ணி ஒரு பையோடு வந்தார். அகலப் பிளாஸ்திரி, பஞ்சு, சிவப்பு மருந்து.

"ரெண்டு பக்கமும் ஒட்டிக்கோ. சிவப்பா நாலு சொட்டு விட்டுக்கோ. அம்மாவுக்கு அடிபட்டுடுச்சுன்னு சொல்லு. மூணே நாள்ல மறந்துடுவா. எத்தனை பேருக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன் தெரியுமா?"

இவரைப் பார்த்தேன். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எத்தனை பேர் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் போய் இறக்கிவிடுவார். என்னை மட்டும் மாட்டிவிட்டுவிட்டு, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஒன்று கேட்கிறேன், எனக்கு நானே கேட்கிறேன். வாண்டு மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். ஓடுகிறாள், கடிக்கிறாள், பொய் சொல்கிறாள், எல்லாம் வயதுக்குத் தக்கபடி நடக்கிறது. பால் கேட்பது நான் வேலை முடிந்து வந்ததும் ஒரு தடவை, தூங்கும் முன் ஒரு தடவை. எனக்கும் அந்த நேரம் வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேரம் ஹாரன் கேட்ட காதுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் அமைதி. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் வாயைத் திறந்து இதைச் சொல்லவில்லையே. தலையை ஆட்டிவிட்டுப் பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஒட்டிக்கொண்டேன்.

வாண்டு அழுவாள், அடம்பிடிப்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. சிவப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "டிப்போல அடிபட்டுடுச்சாம்மா?" என்று மெல்லக் கேட்டாள். ஊதிவிட்டாள். அவளுடைய போர்வையை எடுத்துவந்து என் மேல் போர்த்தினாள். "நான் தொடமாட்டேன். நீ தூங்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உதடு மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

என்ன பொம்பளை நான்? புள்ளைகிட்ட ரத்தத்தைக் காட்டிப் பொய் சொல்லிட்டேனே. அது என்னைப் பாத்துப் பரிதாபப்படுது — என்னைப் பாத்து!

மார்ச் 9, திங்கள்

மார்பு கனத்து வலிக்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் உயிர் போகிறது.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது நடை முடிந்து வந்ததும் மேனேஜர் கூப்பிடுகிறார் என்றார்கள். பட்டியல் விஷயம் என்று நினைத்துக்கொண்டு தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போனேன்.

வாண்டின் டீச்சர் டிப்போவுக்குப் போன் செய்திருக்கிறார். நல்ல மனுஷி, அக்கறையில் செய்தது. வகுப்பில் வாண்டு எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்: "எங்கம்மாவுக்கு டிப்போல அடிபட்டுடுச்சு. ரெண்டு பம்ப்புலயும் ரத்தம். கட்டுப் போட்டிருக்கு. வெளியில சொல்லக்கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

மேனேஜர் விபத்துப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். அதில் டீசல் பம்ப் பக்கம் எந்த விபத்தும் இல்லை.

"என்னம்மா இது? இங்க அடிபட்டதை மறைச்சு ரெண்டு நாளா வண்டி ஓட்டியிருக்கீங்க. அறுபது பேர் உயிரும்மா. நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

அடி எதுவும் இல்லை என்றால் கட்டு எதற்கு என்பார். கட்டு எதற்கு என்றால்… இருநூறு ஆண்கள் வேலை செய்கிற இடம் இது. ஒரு வார்த்தை வெளியே போனால் போதும்.

வியாழக்கிழமை டிப்போ டாக்டர் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டும். அதுவரை வண்டி கிடையாது. பட்டியலில் என் பெயர் மேல் பென்சிலால் கோடு போட்டுவிட்டார்.

மார்ச் 11, புதன்

அண்ணி கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"சுடு டீ கொட்டிடுச்சுன்னு சொல்லிடு. வீட்டுல கொட்டினது, டிப்போவுல இல்ல. நானும் கூட வந்து மருந்து குடுத்தது நான்தான்னு சொல்றேன். திட்டுவாங்க, அவ்வளவுதான். நிஜத்தைச் சொன்னா மானம் கப்பலேறிடும்."

"அப்படிச் சொன்னா காயத்தோட ஓட்டினதா ஆயிடுமே அண்ணி. தேர்வு போயிடும்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இவர் ஸ்பேனர் பையைத் திறந்து துடைக்க உட்கார்ந்துவிட்டார். வழக்கம்போல.

அண்ணி பேசிக்கொண்டிருக்கும்போதே வாண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி, "டிப்போ ஆறிடுச்சா?" என்றாள். கேட்டுவிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று ஒரு அடி பின்னால் போனாள்.

படுக்கையறைக்குப் போய்ப் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தேன். தோலே உரிந்து வருகிற மாதிரி இருந்தது, பரவாயில்லை. வெந்நீர் விட்டுத் துடைத்தேன். வாண்டு பக்கத்தில் வந்து, கண்ணைக் கிட்டக் கொண்டுபோய், மெக்கானிக் மகள் இல்லையா, நன்றாகச் சோதித்துப் பார்த்தாள்.

"அடியே இல்லையே?"

"இல்லடா. அம்மா பொய் சொன்னேன். தப்பு."

"அடுத்த தடவை பொய் சொல்லாத" என்று கண்டித்துவிட்டு மடியில் ஏறிக்கொண்டாள். ஐந்து நிமிஷம். அதற்குத்தான் இத்தனை பஞ்சு, பிளாஸ்திரி, விசாரணை.

மார்ச் 12, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், மறந்துபோகும் முன்.

மேனேஜர் மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் டிப்போ டாக்டர், கண்டிப்பான அம்மாள். டைம்கீப்பர் விளக்கத்தை எழுதுவதற்குப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். நான் நின்றேன். அண்ணி சுவரோரம் நாற்காலியில், கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. கதவு திறந்தே இருந்தது. வெளியே என் கண்டக்டர், பட்டப்பெயர் விசில் (வாயால் அடித்தால் டிப்போ அதிரும்), இன்னும் ஏழெட்டுப் பேரோடு, டீ குடிக்கிற பாவனையில் நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா. எங்க, எப்படி அடிபட்டுச்சு?"

அண்ணி தொண்டையைக் கனைத்தார். டீ, டீ என்று அவர் கண் சொன்னது.

"அடிபடல சார்" என்றேன். "என் பொண்ணுக்கு மூணு வயசு எட்டு மாசம். இன்னும் பால் குடுக்கிறேன். நிறுத்தணும்னு பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு அடிபட்ட மாதிரி நடிச்சேன். அவ அதுக்கு வெச்ச பேருதான் டிப்போ. அடிபட்டது அந்த டிப்போ சார், இந்த டிப்போ இல்ல."

வெளியே யாருக்கோ டீ புரையேறியது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். பாவம், அவருக்குப் பார்க்க இடமே இல்லை. டாக்டர்தான் பேசினார்.

"குழந்தை சாப்பிடறாளா? எடை சரியா இருக்கா?"

"நல்லா சாப்பிடறா. தூக்கிப் பாத்தீங்கன்னா தெரியும்."

"உங்களுக்கு ஏதாவது தொந்தரவு?"

"பிளாஸ்திரி ஒட்டினதுல இருந்துதான் தொந்தரவு."

என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "காயம் எதுவும் இல்ல. ரெண்டு வயசுக்கு மேல குடுக்கிறதுல தப்பும் இல்ல. எனக்கு இங்க வேலையே இல்ல சார்" என்று சொல்லி எழுந்துவிட்டார். மேனேஜருக்கு அப்படி முடிக்க முடியாது. படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்ப வேண்டுமாம். என்ன எழுதுவது என்று டைம்கீப்பர் கேட்டார். மேனேஜர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

"நானே சொல்றேன், எழுதிக்கோங்க" என்றேன். கதவுக்கு வெளியே கேட்கட்டும் என்று, டிப்போ மைக்கில் சொல்கிற குரலில் சொன்னேன். "ஓட்டுநர் தம் குழந்தைக்குப் பாலூட்டுவதை நிறுத்தும் பொருட்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். காயம் இல்லை. பாலூட்டுதல் தொடர்கிறது."

டைம்கீப்பர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியாக மேனேஜர், "இந்தப் பிளாஸ்திரி யோசனை யாரோடதும்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. சுவரோரம் நாற்காலி கிறீச்சிட்டது. "என்னோடதுங்க" என்று அண்ணியே எழுந்து நின்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் பயணிகளாக உட்கார்ந்து வந்தோம். நான்கு நிறுத்தம் அண்ணி கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார். திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன்.

"என் பையனுக்குப் பதினோரு மாசத்துல நிறுத்தினேன்" என்றார். "வேற ரூம்ல போய்ப் படுத்துக்கச் சொன்னாங்க. மூணு நாள் கதவைத் தட்டினான். எனக்கு நிறுத்த இஷ்டமே இல்ல. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

அதன்பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷமாக அண்ணிக்குப் பயந்திருக்கிறேனே என்று இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள விட்டார்.

மார்ச் 13, வெள்ளி

வண்டி திரும்பக் கிடைத்தது. பென்சில் கோட்டையும் அழித்துவிட்டார்கள். கூடவே பட்டப்பெயரும் கிடைத்தது. நான் உள்ளே நுழையும்போதே எவனோ, "ஏய், பால் வண்டி வருது, வழி விடு!" என்றான். ஒரே சிரிப்பு.

நேற்றுவரை இதற்குத்தானே பயந்தேன்? வந்தே விட்டது. வந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று இருந்தது.

"ஆமாண்டா, பால் வண்டிதான்" என்றேன். "நீ குடிச்சு வளர்ந்த வண்டிதான். எவ்வளவு நாள் குடிச்சேன்னு உங்கம்மாகிட்ட போய்க் கேட்டுட்டு வந்து சிரி."

சிரிப்பு அவன் பக்கம் திரும்பிவிட்டது. நான் வண்டியை எடுத்தேன். முதல் நடை முழுக்கப் பச்சை சிக்னலாகவே விழுந்தது.

மார்ச் 16, திங்கள்

விசில் இன்று டிக்கெட் பையை மூடிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"அக்கா, எங்க வீட்டுலயும் ரெண்டரை வயசு. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் குடுக்கிறா. நான்தான் சாத்தச் சொன்னேன்."

"திறக்கச் சொல்லிடு" என்றேன்.

இன்னொன்று. இவர் நேற்று அண்ணியிடம் போனில், "அது அவங்க ரெண்டு பேர் விஷயம் அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு நாள் தாமதம். லிஃப்ட் கடைசியில் வந்து சேர்ந்தது.

மார்ச் 20, வெள்ளி

பதினெட்டு மீட்டர்! வளைவில் வால் பகுதி தனியாக யோசித்துக்கொண்டு வருகிற வண்டி. பன்னிரண்டு பேரில் நான்கு பேர் தேறினோம். நான் இரண்டாவது. தடுப்புக் கூம்பு ஒன்றைக்கூட இடிக்கவில்லை. இறங்கியதும் கத்திவிட்டேன். வெட்கமே இல்லாமல், டிப்போ முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நீள வண்டி ஓட ஆரம்பித்து ஒரு வாரம். இன்று விடுமுறை. அண்ணி காலையிலேயே வந்துவிட்டார். கீழ் வீட்டு அம்மாளும் கத்தரிக்கோல் கேட்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாண்டு விளையாடி முடித்து வந்து மடியில் ஏறினாள். நான் எழுந்து உள்ளே போகவில்லை.

கீழ் வீட்டு அம்மாள் மோவாயில் கை வைத்துக்கொண்டார். "அடேயப்பா, இவ்வளவு பெரிய பொண்ணா? கல்யாணம் ஆகற வரைக்கும் குடுப்பீங்க போல."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணி முந்திக்கொண்டார்.

"கல்யாணத்துக்குப் பத்திரிகை வெப்போம், அப்ப வந்து கேளுங்க. கத்தரிக்கோல் அந்த மேஜை மேல இருக்கு."

அந்த அம்மாள் போனதும் அண்ணி சமையலறைக்குப் போனார். பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, வாண்டின் கால் படாத இடமாகப் பார்த்து, என் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். நான் கேட்கவில்லை.

"பால் குடுக்கும்போது தொண்டை வறண்டு போகும். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

முழு டம்ளரையும் குடித்து முடித்தேன். இன்னும் வேணுமா என்று கேட்டார். வேணும் அண்ணி என்றேன்.